மாற்றுங்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லுங்கள்

கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்க நாடுகளின் குடியேற்றத் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தரும் ஆசிரியன் நான். சென்ற வாரம் ஒரே மாணவிக்கு மூன்றாவது முறையாக எழுதினேன். படிப்பு அதேதான், மதிப்பெண்ணும் அதேதான், நாடுதான் வேறு.

வெளிநாட்டு மாணவர்களுக்கான விசா விதிகள் திடீர் திடீரென மாறுவதுதான் காரணம். அந்தப் பின்னணியை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எல்லாம் நீங்கள் கையெழுத்திட்டவைதாம். எனக்கு ஆறாதது ஒரு நாள்: 2024 நவம்பர் 8. கனடாவின் விரைவு மாணவர் விசாத் திட்டம் அன்றைக்கே அறிவிக்கப்பட்டு, அன்று பிற்பகல் 2 மணிக்கே மூடப்பட்டது. முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டி, அங்கே தங்கும் செலவுக்கான வைப்புத்தொகையை வங்கியில் போட்டு, மருத்துவப் பரிசோதனையும் முடித்து, ஒரேயொரு வங்கி ரசீதுக்காகக் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். மறுநாள் ரசீது கைக்கு வந்தது. அதை இணைக்க வேண்டிய திட்டம்தான் இல்லை. பொது வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

விதியை மாற்றுவது உங்கள் உரிமை. அடுத்த கல்வியாண்டிலிருந்து மாற்றுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஆஸ்திரேலியாவில் 710 டாலராக இருந்த மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 1,600 ஆனது, அடுத்த ஜூலையில் 2,000. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. கடைக்காரர் இப்படிச் செய்தால் அதற்கு வேறு பெயர். அமெரிக்காவில் 2025 மே இறுதியில் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதே சில வாரங்கள் நின்றுபோனது, அதுவும் சேர்க்கைக் காலத்தின் நட்டநடுவில்.

வாடகை ஏறினால் வெளிநாட்டு மாணவர் காரணம், நெரிசலுக்கும் அவரே காரணம் என்கிறீர்கள். சரி, 2019இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு உள்ளூர் மாணவர் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, மேலே ஏறவிடாமல் நிறுத்திவைத்தபோது, கல்லூரிகளின் வருமானப் பள்ளத்தை நிரப்பியது யார் பணம்? அப்போது கல்விக் கண்காட்சிகளில் துணிப்பையும் பேனாவும் கொடுத்து வருந்தி வருந்தி அழைத்தார்களே!

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன். இடம் கிடைத்து, கட்டணம் கட்டிய நாளில் என்ன விதி இருந்ததோ, அந்த மாணவருக்கு விசா முடிவாகும்வரை அதுவே இருக்கட்டும். புதிய விதி அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பவர்களுக்கு. இவ்வளவுதான், தயவுசெய்து.

மூன்றாவது கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்