கயாக்கும் கேனோவும் பணக்காரர் விளையாட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த விடுமுறைச் சுற்றுலாக் கட்டுரையில், "கயாக், கேனோ போன்றவை வசதி படைத்தவர்களின் வார இறுதிப் பொழுதுபோக்கு" என்று ஒரு வரி இருந்தது. எழுதியவருக்கு அது போகிற போக்கில் வந்த வரியாக இருக்கலாம். கயாக், கேனோ இரண்டும் துடுப்பு போட்டு ஓட்டும் சிறு படகுகள்; என் மகள் கேனோ வீராங்கனை. நானும் என் கணவரும் மாதச் சம்பளத்தில் வாடகை வீட்டில் குடும்பம் நடத்துகிறவர்கள். அதனால் எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் இரட்டையர் கேனோ 1000 மீட்டரில் வெண்கலம் வாங்கியது உங்களுக்குத் தெரியாதது அல்ல. சுனிலின் அப்பா மணிப்பூரின் லோக்தாக் ஏரியில் மீன் பிடிப்பவர். அர்ஜுனுக்கு அப்பா இல்லை; அம்மா ரூர்க்கியில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்து வளர்த்தார். இவர்களில் யாரை வசதி படைத்தவர் என்கிறீர்கள்? இதே பிரிவில் 1994 ஹிரோஷிமாவில் சிஜி சதானந்தனும் ஜானி ரோமலும் வெண்கலம் வாங்கிய பிறகு, ஆசிய விளையாட்டு கேனோவில் நமக்கு 29 வருடம் கழித்துக் கிடைத்த பதக்கம் அது. உங்கள் பத்திரிகையில் அதை ரோயிங் என்ற இன்னொரு படகுப் போட்டியின் பதக்கங்களோடு சேர்த்து ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ரோயிங்கில் பின்பக்கமாகப் போகிறார்கள். கேனோவில் ஒரு முழங்காலை ஊன்றி, முன்னால் பார்த்து, ஒரே பக்கம் துடுப்பு போடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு விளையாட்டு, சங்கமும் வேறு. அன்றைக்கே எழுத நினைத்தேன். சரி, பதக்கப் பரபரப்பில் நடந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

செலவு பிடிக்கும் விளையாட்டு என்பது உண்மைதான். போட்டிப் படகு ஒன்று சில லட்சம், நல்ல கார்பன் துடுப்பே பல ஆயிரம். அதனால்தான் சொந்தப் படகு இல்லாத பிள்ளைகளுக்குத் தேசிய சங்கமும் அரசுப் பயிற்சி மையங்களும் தேவைப்படுகின்றன. இந்திய கயாக்கிங் கேனோயிங் சங்கம் 1985-லிருந்து இருக்கிறது. மாற்றுத்திறனாளிப் படகு வீராங்கனை பிராச்சி யாதவ் டோக்கியோ பாராலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குப் போனார், பாரா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார், அர்ஜுனா விருதும் பெற்றார். இவ்வளவுக்குப் பிறகும் என் மகளின் சான்றிதழைக் கல்லூரிச் சேர்க்கையில் பார்த்தவர், "இது போட்டியா, போட்டிங்கா?" என்று கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் பதிலே சொல்லவில்லை. பள்ளியில் படித்தபோதும் இதே கதைதான். போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகைப்பதிவு கேட்டால், "டூருக்குப் போனதற்கெல்லாம் தர முடியாது" என்றார்கள். இப்படிப் பேசுகிறவர்களும் பத்திரிகை படிப்பவர்கள்தானே ஐயா?

பொழுதுபோக்காகவே இருந்தாலும் அதில் என்ன குறைச்சல்? அமெரிக்காவில் 1880-லிருந்து இருக்கும் கேனோ சங்கம் போட்டிகளோடு, சாதாரண மக்களுக்குப் பாதுகாப்பாகப் படகு ஓட்டக் கற்றுத்தரும் பயிற்றுநர்களையும் தயார் செய்கிறது. நம் ஊரில் ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் எங்கே போகும்? சுற்றுலாப் படகுக் குழாமில் அரை மணி நேரத்துக்குக் காசு கட்ட வேண்டும். ஏரியில் இறங்கினால் விரட்டுகிறார்கள். எங்கள் கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் வந்து பாருங்கள். மண்டியிட்டுக் கட்டுமரம் தள்ளிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் கரையில் நிற்கிறார்கள். அவர்களில் யாருக்கும் கேனோ என்று ஒரு ஒலிம்பிக் விளையாட்டு 1936-லிருந்து இருப்பதை எந்தப் பத்திரிகையும் சொன்னதில்லை, உங்களுடையதும் சேர்த்துத்தான். வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பேப்பர் இது.

அப்புறம் அந்தப் படம். கட்டுரைக்கு மேலே பெரிதாகப் போட்டிருந்த படத்தில் கயாக்கில் உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. என் மகளின் முதல் பயிற்றுநர் ஜாக்கெட் கொக்கியை இழுத்துப் பார்க்காமல் யாரையும் தண்ணீருக்கு விட்டதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கு எத்தனை அப்பா அம்மா பிள்ளையை அப்படியே ஏற்றுவார்களோ என்று பதைக்கிறது.

மறுப்பு எதுவும் போட வேண்டாம். அடுத்த தேசிய கேனோ போட்டி நடக்கும்போது, தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பெயரும் நேரமும் விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு வரி வந்தால் போதும். நிருபரை அனுப்ப வசதியில்லை என்றால் சொல்லுங்கள், முடிவுகளை நானே தட்டச்சு செய்து அன்று மாலைக்குள் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர்.