முதலில் கவிழ்க்கக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே மாத விடுமுறையில் கொடைக்கானல் ஏரியில் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுத்தரலாமே என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் ஆரம்பித்தது, இப்போது பெற்றோர்களின் வாட்ஸ்அப் வரை வந்துவிட்டது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டியதை ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். நான் தூத்துக்குடிக்காரன். 1863-இல் லெவிஞ்ச் துரை இந்த ஏரியை உண்டாக்கிய பிறகு முதல் படகுகள் தூத்துக்குடியிலிருந்துதான் மலையேறி வந்தன என்பார்கள். கல்லூரி நாளில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில், நீலப் பாய் கட்டிய எண்டர்பிரைஸ் படகில் கற்றுக்கொண்டவன். அப்புறம் இங்கே வந்து உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வும் பெற்றாயிற்று.

"கடலா என்ன, ஏரிதானே சார்" என்கிறார்கள். அதைக் கேட்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கடற்கரையில் காற்று ஒரு திசையில் நின்று அடிக்கும். காலையில் தரைக்காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இங்கே அப்படி இல்லை. நட்சத்திரம் மாதிரி கை கையாகப் பிரிந்த ஏரி இது, சுற்றிலும் மேடும் மரமும். ஒரு கைக்குள் பாய் துவண்டு தொங்கும். நடு ஏரிக்கு மூக்கை நீட்டியதும் பக்கவாட்டிலிருந்து சடாரென்று ஒரு வீச்சு வரும். 7,000 அடி உயரத்தில் காற்று மெல்லிசு. அதே வேகத்தில் அடித்தாலும் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலம் குறைவாகத்தான் பாயைத் தள்ளும். அந்தச் சலுகையை நம்பி உட்கார முடியாது, எந்தப் பக்கமிருந்து வரும் என்பதுதான் தெரியாதே. ஆனால் வருவதற்கு முன் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். கறுப்பாக, சொரசொரவென்று ஒரு திட்டு உங்களை நோக்கி ஓடி வரும். பாயைப் பார்க்காதே, தண்ணீரைப் பார் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். திட்டு வந்து தொட்டதும் பாய்க்கயிற்றைத் தளர்த்திவிட்டால் படகு தானாக நிமிரும். பயந்துபோன பிள்ளை செய்வது நேர் எதிர்: கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

நானும் அப்படிப் பிடித்துத்தான் கவிழ்ந்தேன். பத்தொன்பது வயது. பின்காற்றில் சுகமாகப் போய்க்கொண்டிருந்தோம், சினிமாப் பேச்சு வேறு. பாயின் அடிக்கட்டை, பூம் என்போம், ஒரே வீச்சில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. கூட இருந்தவன் காதோரம் ஒரு அடி. அடுத்த நிமிடம் இரண்டு பேரும் தண்ணீரில். கரை கிட்டத்தில் தெரிந்தது, நான் நீந்த ஆரம்பித்துவிட்டேன். காவல் படகில் வந்த மாஸ்டர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். "படகு மெதக்குதுல்லா, நீ ஏம்ல அத விட்டுட்டுப் போற?" என்றார். நாற்பது வருடம் ஆகிவிட்டது, இன்னும் காதில் இருக்கிறது.

படகை விடக்கூடாது, அவ்வளவுதான். கூட வந்தவர் பாய்க்கு அடியில் மாட்டிக்கொள்ளவில்லையே என்று முதலில் பார்க்க வேண்டும். கயிறுகளைத் தளர்த்திவிட்டு, ஒருவர் அணியத்தை, அதாவது படகின் மூக்கை, காற்றுக்கு எதிராகத் திருப்பிப் பிடிக்க, மற்றவர் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகைமேல் ஏறிப் பின்னால் சாய வேண்டும். முதலில் அசையாது. பாயிலிருந்து தண்ணீர் வழிய வழிய மெதுவாகக் கிளம்பும், பிறகு சட்டென்று எழுந்துவிடும். இதைக் கரையோரத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, பத்துத் தடவையாவது கவிழ்த்து நிமிர்த்திய பிறகுதான் பிள்ளைகளை நடு ஏரிக்கு விட வேண்டும். ஆப்டிமிஸ்ட் என்று ஒரு குட்டிப் படகு உண்டு, 2.3 மீட்டர் நீளம், தட்டை மூக்கு. ஒரே பிள்ளை தனியாகவே அதை நிமிர்த்திவிடும்.

இன்னொரு சேதி குளிர். கொடைக்கானல் தண்ணீரில் விழுந்ததும் மூச்சு தன்னால் உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் கதை முடிந்தது. முதல் ஒரு நிமிடம் வேறு எதுவும் செய்யாமல் மூச்சைச் சரிப்படுத்த வேண்டும். அப்புறம் விரல்கள் மரத்துப்போவதற்குள் ஏறிவிட வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குத் தலையைத் தூக்கிப் பிடிப்பது லைஃப் ஜாக்கெட்தான்.

அதன் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் இந்த மலைப்பக்கம் ஒரு படகுத்துறையில் என் பேத்திக்கு ஒன்று மாட்டினார்கள். ஏழு வயது, அரிசிச் சிப்பம் கனம்கூட இருக்க மாட்டாள். பெரியவர் ஜாக்கெட், கிளிப் உடைந்து சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன், அவள் காதைத் தாண்டி வந்துவிட்டது. "அரை மணி நேரந்தானேய்யா" என்றார் அந்தத் தம்பி. இறங்கிவிட்டோம். பேத்தி அழுதாள், சோளக்கதிர் வாங்கிக்கொடுத்துச் சமாதானம் செய்தேன். தூக்கினால் மோவாயைத் தாண்டக்கூடாது, சின்னப் பிள்ளைகளுக்குக் கால் நடுவே ஒரு வார் இருக்க வேண்டும். இதைப் பார்க்க யாருக்கும் அரை நிமிடம் போதும்.

முகாம் நடத்துகிறவர்கள் காலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள் முடித்துக்கொள்ளட்டும். மே மாதத்தில் இரண்டு மணிக்கு மேல் மஞ்சு ஏறினால் எதிர்க்கரை தெரியாது, கூடவே இடியும் வரும். நட்ட நடு ஏரியில் உயரமான பாய்மரத்தோடு பிள்ளை உட்கார்ந்திருக்கும் நேரமா அது? பாய்ப்படகுகளோடு ஆள் ஏறித் தயாராக நிற்கும் காவல் படகு ஒன்று, ஒவ்வொரு பிள்ளை கழுத்திலும் ஒரு விசில். இவற்றுக்குப் பணம் இல்லையென்றால் முகாமைத் தள்ளிப்போடலாம்.

என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். முழங்கால் வலி இருக்கிறது, படகில் ஏறமாட்டேன். கரையில் நின்று கத்துவதற்கு முழங்கால் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.