மச்சானுக்கு, கிரவுன் பினியன் மாற்றிய கதை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுநாளே பேப்பர் படித்தார்கள் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் மனசு லேசானது. இங்கே டென்வரில் பனி உருகிவிட்டது, நாங்கள் எல்லோரும் நலம்.

சரி, உன் வண்டி விஷயம். 33 அங்குல டயர் போட்டதிலிருந்து மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது, என்ஜினை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். மாற்றாதே, என்ஜின் மேல் எந்தத் தப்பும் இல்லை. என்னுடைய 1985 டொயோட்டா பிக்கப்பிலும் இதே கதைதான். கம்பெனியில் போட்டு வந்த டயர் 28 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், கியர் விகிதம் 4.10, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்ற வேண்டும். அதிலேயே 33 அங்குல டயரை மாட்டினால் விகிதம் 3.5 ஆனது மாதிரிதான் வண்டி நடந்துகொள்ளும். அதோடு இந்த ஊர் உயரத்தையும் சேர்த்துக்கொள். டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும், ஐ-70 சாலையில் ஐசனோவர் சுரங்கம் இருப்பதோ 11,000 அடிக்கு மேலே. 2.4 லிட்டர் என்ஜினை வைத்துக்கொண்டு லாரிகளுக்குப் பின்னால் மூன்றாவது கியரில் ஊர்ந்து போவேன்.

டயர் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தர வேண்டியது ஆக்சிலுக்குள் இருக்கும் கியர்தான். நம் ஊர் லாரிப் பட்டறையில் கிரவுன் பினியன் என்பார்களே, அதேதான்: பெரிய வளையக் கியர் கிரவுன், அதைச் சுற்றும் சின்னக் கியர் பினியன். 4.88 போட்டேன், அதாவது கிரவுனில் 39 பல், பினியனில் 8. இப்போது பழைய டயரோடு 4.10 இருந்ததைவிடக்கூட ஒரு சொட்டு நன்றாக இழுக்கிறது. ஸ்பீடோமீட்டரும் தானாகச் சரியாகிவிட்டது, முன்பு 60 காட்டும்போது நிஜத்தில் 70ல் போய்க்கொண்டிருந்தேன். 5.29 போடச் சொல்லிச் சிலர் உன்னை இழுப்பார்கள், 35 அங்குல டயர் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் அதை யோசி. அதன் பினியனில் 7 பல்தான், தலையும் சின்னது, 33க்கு அது தேவையே இல்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். நம் வண்டிகளில் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதாவது ஒன்று உடையும்.

நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். பின் ஆக்சிலை ஒரு கடையில் கொடுத்தேன். 400 மைல் போவதற்குள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே ஊளைச் சத்தம். கழற்றிப் பார்த்தால் பல்லில் தேய்மானம் ஓரத்தில் விழுந்திருக்கிறது, பினியன் கிரவுனை நோக்கி எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்ற ஆழத்தைச் சரியாக வைக்கவே இல்லை. புது கியர் பாழாய்ப் போனது, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அப்புறம் நானே இன்னொரு செட் வாங்கி உட்கார்ந்தேன். இந்த 8 அங்குல டிஃபரன்ஷியலில் ஒரு பெரிய வசதி, மொத்தக் கூட்டையும் வெளியே எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். பல் எங்கே உரசுகிறது என்று காட்டும் மஞ்சள் பேஸ்டைப் பல்லில் தடவிச் சுற்ற வேண்டும், தடம் பல்லின் உச்சிக்கும் அடிக்கும் நடுவில் விழும்வரை பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் இடையே ஷிம் என்ற மெல்லிய வளையத் தகட்டை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பேரிங்கைக் கழற்றி மாட்டணும், பொறுமை வேண்டும். பேக்லாஷ், அதாவது இரண்டு கியர் பல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர் வரை, அதை அளக்கும் டயல் கேஜ் இல்லாமல் தொடாதே. பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் வரும் நசுங்கும் ஸ்லீவுக்குப் பதிலாகக் கெட்டி ஸ்பேசர் போட்டேன், அடி வாங்கினாலும் பினியன் நட்டு தளராது. மூன்று வாரக் கடைசிகள் போயின. இப்போது சத்தமே இல்லை மச்சான், அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

கூட்டைத் திறந்த கையோடு பின்னால் இரண்டு சக்கரத்தையும் காற்றழுத்தத்தால் ஒன்றாகப் பூட்டும் ஏர் லாக்கரும் போட்டுவிட்டேன். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் இழுவை கிடைக்காது, பட்டனை அமுக்கினால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். முன்னால் போடவில்லை. ஸ்டியரிங் கனக்கும், முன் ஆக்சில் ஜாயிண்டும் பலவீனமானது.

புது கியரை முதல் நாள் 20 மைல் மெதுவாக ஓட்டி முழுக்க ஆறவிடு, 500 மைலில் எண்ணெயை மாற்று, அதுவரை டிரெய்லர் இழுக்காதே.

நீ கியர் வாங்குவதற்கு முன்னால், உன் வண்டியில் இப்போது என்ன விகிதம் இருக்கிறது என்று பார்த்து எழுது. பழைய சொந்தக்காரர் மாற்றியிருக்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் அதை இரண்டு சுற்று சுற்று. அதற்குள் டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஆகஸ்டில் யூரே ஊரிலிருந்து இமோஜீன் பாஸ் மலைக் கணவாய் ஏறலாம் என்று இருக்கிறேன், 13,114 அடி. நீயும் வண்டியோடு வா, அதற்கு முன் ஒரு வாரம் என் ஷெட்டில் உன் ஆக்சில் இரண்டையும் சேர்ந்தே முடித்துவிடலாம். டயல் கேஜ் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்