யானை தாக்கி நிரந்தரமாக ஊனமடைந்தவருக்கான நட்டஈட்டை மீள மதிப்பிடக் கோரும் மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

ஊடாக: பிரதேச செயலாளர், போரதீவுப்பற்று.

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

நான் வெல்லாவெளிப் பக்கத்தில் வேளாண்மை செய்து பிழைத்தவன். வயது 47. சொந்தக் காணி ஒன்றரை ஏக்கர், குத்தகைக்கு எடுத்தது இரண்டு ஏக்கர். கடந்த பெரும்போகத்தில் கதிர் பழுத்து, வெட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, வட்டையில், அதாவது வயல்வெளியில், இரவுக் காவலுக்குப் போன இடத்தில் தனியன் யானை ஒன்று என்னைத் தாக்கியது. உயிர் தப்பியது. எனக்கென்று தீர்மானித்திருக்கும் நட்டஈட்டுத் தொகை, பற்றுச்சீட்டுள்ள செலவைத் தவிர நான் இழந்த எதையும் கணக்கில் எடுக்கவில்லை என்பதால் இம்மனுவை எழுதுகிறேன்.

அன்றிரவு பரணில் மூன்று பேர் இருந்தோம். யானையை விரட்டக் கையிலிருந்த வெடி நள்ளிரவுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. விடியப்புறம் மூன்று மணியளவில், ஊருக்குள் போய் வெடி எடுத்து வரலாம் என்று மோட்டார் சைக்கிள் நின்ற மதகடிக்கு இறங்கிப் போனேன். நிலவு இல்லை. மருத மரம் என்று நான் நினைத்தது அசைந்தது. அதற்குமேல் எனக்குச் சரியாக நினைவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியில் பட்டிருப்புப் பாலம் தாண்டும்போது தண்ணீர் கேட்டேனாம், கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையிலிருந்து அப்படியே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். வலது தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிவு, இடுப்பெலும்பில் வெடிப்பு, விலா மூன்று. தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறது. கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. 54 நாள் விடுதியில் கிடந்தேன். வைத்தியர்களையும் தாதிமாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சிக்கல் தொடங்கியது அப்புறம்தான். நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தபோது சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் செலவுப் பற்றுச்சீட்டுகளைக் கேட்டார்கள். தேடிப்பிடித்துக் கொடுத்தேன். வெளியில் எடுத்த ஒரு ஸ்கேன், ஊன்றுகோல், இடுப்புப் பட்டி, வான் கூலி என எல்லாம் சேர்த்து 38,450 ரூபாய். அதைச் சுற்றியே தொகையை முடிவு செய்துவிட்டார்கள். இலவச வைத்தியசாலையில் 54 நாள் கிடந்தவனிடம் பில் எங்கே இருக்கும்? அரசாங்கம் வைத்தியத்தை இலவசமாகத் தந்தது பெரிய உதவி. ஆனால் அந்த உதவியே என் இழப்பைச் சிறியதாகக் காட்டிவிட்டது. உயிர் போயிருந்தால் என் மனைவிக்கு 10 இலட்சம் ரூபாய். பிழைத்ததால் பற்றுச்சீட்டைத் தேடச் சொல்கிறார்கள்.

பற்றுச்சீட்டில் வராதவற்றையும் தங்களிடம் சொல்லியாக வேண்டும்.

வரம்பு ஒரு அடி அகலம்தான். ஊன்றுகோலை வைத்தால் சேற்றுக்குள் ஒரு சாண் இறங்கும். அதை இழுத்தெடுப்பதற்குள் கம்பி வைத்த காலில் பாரம் விழுந்து கண் இருட்டும். ஆவணியில் இரண்டு தரம் முயன்று, இரண்டு தரமும் வாய்க்காலுக்குள் விழுந்தேன். இரண்டாம் தரம் மகன் தூக்கி எடுத்தான். அதன்பின் வயலுக்குப் போகவில்லை. குத்தகைக் காணியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வெட்டு, கட்டு என்று கூலிக்குப் போனால் நாளுக்கு 2,500 ரூபாய் கிடைக்கும், அதுவும் இல்லை. இப்போது ஊரெல்லாம் அடுத்த பெரும்போகத்துக்கு விதைக்கிறார்கள்.

குந்தி இருக்க முடியாது. சொல்ல வெட்கமான விடயம், ஆனால் அதிகாரிகள் அறிய வேண்டும்: மலசலகூடத்தில் பிளாஸ்டிக் கதிரையின் நடுவை வாளால் அறுத்து வைத்திருக்கிறோம். நிலத்தில் பாய் போட்டுப் படுக்க முடியாது, பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து சாப்பிட முடியாது. இடப்பக்கம் மட்டும்தான் படுக்கலாம், அதுவும் இரண்டு மணித்தியாலம். இரவில் நாய் ஒரு மாதிரிக் குரைத்தால் எழும்பி உட்கார்ந்துவிடுவேன், பிறகு விடியும்வரை தூக்கம் இல்லை.

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசியில் கதவு திறந்தால், பதினாறு வயதிலிருந்து குளிர்த்திச் சடங்குக்கு உடுக்கடித்தவன் நான். இந்த முறை ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். நல்ல மனதோடுதான் தந்தார்கள். அம்மனுக்கு முன்னால் கதிரையில் இருக்க எனக்கு மனம் வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இதற்கு விலை போடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் இதுவும் போய்விட்டது என்பது கோப்பில் எங்கேயாவது இருக்க வேண்டும்.

சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரித்தேன். வாகன விபத்தில் ஒருவர் இப்படி முடமானால், வழக்கில் வைத்தியச் செலவோடு உழைப்பு இழப்பு, வேதனை, வாழ்க்கையில் இழந்த வசதிகள் எல்லாவற்றுக்கும் நட்டஈடு கேட்கலாம் என்று விளக்கினார்கள். வேலைத்தலத்தில் காயமடைந்தவருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில், எந்த உறுப்புப் போனால் உழைப்புத் திறனில் எத்தனை வீதம் போனது என்று அட்டவணையே இருக்கிறது. யானைமீது வழக்குப் போட முடியாது. அதைக் கொல்லவும் கூடாது, கொல்லச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. 2020 டிசம்பரில் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு ஜனாதிபதியிடம் கையளித்த, மனித-யானை மோதலைத் தணிப்பதற்கான திட்டத்தில், மின்வேலியை ஊரைச் சுற்றியும், போக காலத்தில் வயலைச் சுற்றியும் போட வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் வட்டையைச் சுற்றி அப்படியொரு வேலி இருந்திருந்தால் நான் பரணில் இருந்திருக்க மாட்டேன்.

ஆகவே, என்னை வைத்தியச் சபைக்கு அனுப்பி நிரந்தர ஊனத்தின் வீதத்தைத் தீர்மானித்து, பற்றுச்சீட்டுத் தொகையை விட்டு அந்த வீதத்தின் அடிப்படையில் நட்டஈட்டை மீள மதிப்பிடுமாறு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் பணிப்புரை வழங்க வேண்டுகிறேன். நான் இழந்த போகங்களின் வருமானத்தையும் அதில் சேர்க்க வேண்டும். கிராம உத்தியோகத்தரும் கமக்காரர் அமைப்பும் தந்த உறுதிக் கடிதங்களை இணைத்துள்ளேன். அலுவலகத்தில் தந்த பத்திரத்தில் ‘முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி இருப்பதால் இன்னும் ஒப்பமிடவில்லை. அந்தத் தொகையை முற்பணமாகக் கருதி இப்போதே தந்தால், மகளின் படிப்பை நிறுத்தாமல் கொண்டுபோகலாம்.

பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலை நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பியின் பிரதி, எக்ஸ்ரே படங்கள் ஆகியனவும் இத்துடன் உள்ளன. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் தனித்தாளில்.

விசாரணைக்கு அழைப்பதானால் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். போன முறை மாடிக்கு என்னை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்