பெற்றோரின் காப்பீடும் பிள்ளையின் வரிப் படிவமும்: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

வரிப் பருவத்தில் நீங்கள் நடத்தும் விளக்கக் கூட்டங்களில் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியச் சலுகையைக் கணக்குத் தீர்க்கும் 8962 வரிப் படிவத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல். மார்க்கெட்பிளேஸ் என்ற அரசின் காப்பீட்டுச் சந்தை வழியாகக் காப்பீடு எடுத்து, மாதப் பிரீமியத்தில் அரசின் முன்பண உதவி பெற்ற எவரும் இதை நிரப்பியே ஆக வேண்டும். அந்த உதவி, நாம் சொன்ன வருமான மதிப்பீட்டை நம்பிக் கொடுத்தது. உண்மைக் கணக்கு வரித்தாக்கலில்தான் தீரும்.

பெரிய அடி விழுவது கிரீன் கார்டில் வந்த பெற்றோர் விஷயத்தில். வந்து ஐந்தாண்டு ஆகாததால் மூத்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கிடையாது. பிள்ளையின் அலுவலகக் காப்பீட்டிலும் பெரும்பாலும் சேர்க்க முடியாது. எனவே 2025 வரை அவர்களை மார்க்கெட்பிளேஸில் தனிக் குடும்பமாக, வருமானம் இல்லாதவர்களாகப் பதிந்துவந்தார்கள். ஏப்ரலில் மகன் தன் படிவத்தில் அவர்களைத் தன்னைச் சார்ந்தோராகக் காட்டுகிறார். அந்தக் கணமே கணக்கு மகனின் குடும்ப வருமானத்துக்கு மாறிவிடுகிறது. மார்க்கெட்பிளேஸ் அனுப்பும் 1095-ஏ என்ற காப்பீட்டு விவரப் படிவம் தந்தையின் பெயரில் வந்திருந்தாலும் 8962-ஐ மகன்தான் இணைக்க வேண்டும்.

2025-க்கு ஒரு கணக்கு. கணவன், மனைவி, இரு குழந்தைகள், பெற்றோர் இருவர். குடும்ப வருமானம் 1,80,000 டாலர். பெற்றோரின் பிரீமியமும், கணக்குக்கு அடிப்படையான இரண்டாவது மலிவான சில்வர் (நடுத்தர வகை) திட்டத்தின் விலையும் ஆண்டுக்கு 24,000. முழுவதும் முன்பண உதவியாகவே போயிற்று என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் தாங்க வேண்டிய பங்கு 8.5%, அதாவது 15,300. அவ்வளவையும் திருப்பிக் கட்ட வேண்டும். பெற்றோரைக் காட்டியதால் கிடைத்த சலுகை தலைக்கு 500 டாலர்தான்! காட்டாமல் விட்டால் போதும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்: இன்னொருவர் சார்ந்தோராகக் காட்டத் தகுதியுள்ளவர் தம் பெயரில் பிரீமியச் சலுகையைக் கேட்க முடியாது. யார் யாரைக் காட்டப்போகிறார்கள் என்பதைக் காப்பீட்டில் சேரும்போதே முடிவுசெய்து, அதையே மார்க்கெட்பிளேஸிடம் சொல்ல வேண்டும்.

2026 முதல் நிலைமை இன்னும் கடுமை. குடும்ப வருமானம், குடும்ப அளவுக்கேற்ப அரசு வகுத்த வறுமைக்கோட்டின் 400 விழுக்காட்டைத் தாண்டினால் பிரீமியச் சலுகையே இல்லை. நால்வர் குடும்பத்துக்கு 2026-ல் அது 1,28,600 டாலர். 2025 வரை, 400 விழுக்காட்டுக்குள் இருந்தவர்கள் திருப்பிக் கட்டுவதற்கு உச்சவரம்பு இருந்தது. இனி அதுவும் கிடையாது. ஐந்தாண்டு ஆகாத கிரீன் கார்டுப் பெற்றோர் தனிக் குடும்பமாக, வறுமைக்கோட்டுக்குக் கீழான வருமானத்துடன் பதிந்து சலுகை பெற்றுவந்த வழியும் அடைபட்டுவிட்டது.

வருமானம் என்றவுடன் சம்பள விவரம் தரும் டபிள்யூ-2 படிவம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஊரில் வரி இல்லாத என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) வைப்பு வட்டிக்கு இங்கே வரி உண்டு. சென்னை வீட்டு வாடகைக்கும் இங்கே வரி உண்டு. இரண்டும் இந்தக் கணக்கில் சேரும். எல்லைக்கோட்டில் நிற்கும் குடும்பத்தை இவை அப்பால் தள்ளிவிடும்.

1095-ஏ வந்ததும் பி நெடுவரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த சில்வர் திட்டத்தின் விலை அங்கேதான் இருக்கும். வீடு மாறியதையோ குழந்தை பிறந்ததையோ தெரிவிக்காவிட்டால் அது தவறாகவோ வெறுமையாகவோ வரும், ஹெல்த்கேர்.கவ் தளத்தில் சரியான தொகையைத் தேடி எடுக்கலாம். வேலைக்குப் போய்த் தனியாக வரி தாக்கல் செய்யும் மகளின் பெயரும் அதே 1095-ஏ-யில் இருந்தால், 8962-இன் நான்காம் பகுதியில் தொகையைப் பிரிக்க வேண்டும். பலர் இந்தப் பகுதியைத் திறப்பதே இல்லை. தம்பதியர் தனித்தனியே தாக்கல் செய்தால், குடும்ப வன்முறை போன்ற சில விலக்குகள் தவிர, சலுகை போய்விடும். 8962 இல்லாமல் மின்வழியில் அனுப்பினால் வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் அமைப்பு திருப்பி அனுப்பிவிடும்.

மார்ச் கூட்டத்தோடு அக்டோபரிலும் ஒரு கூட்டம் வையுங்கள். நவம்பர் 1-ல் மார்க்கெட்பிளேஸ் சேர்க்கை தொடங்குகிறது. படிவத்தில் வரும் பிழைகள் பலவற்றுக்கு விதை அங்கேதான். நடுவில் சம்பளம் கூடினாலோ, வேலை போனாலோ, பிள்ளை தனியே போனாலோ உடனே மார்க்கெட்பிளேஸில் திருத்தச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
வரிப் படிவங்கள் தயாரிக்கும் சிலர்