கிடங்கிலும் ஓர் அகழாய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகத் தொல்லியல் துறைகளின் பழம்பொருள் தொகுப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, காட்சிப் பேழைகளில் இருப்பவற்றைச் சிறப்பாகவே விவரித்திருந்தது. ஆனால் இத்தகைய தொகுப்புகளின் பெரும்பகுதி பேழைக்கு வருவதே இல்லை. பெட்டிகளிலும் துணிப்பைகளிலுமாகக் கிடங்கிலேயே கிடக்கிறது. அங்கே பொருள்கள் அழிவதைக் காட்டிலும் அவற்றைப் பற்றிய குறிப்புகள் அழிவதே பேரிழப்பு என்பதைச் சுட்டிக்காட்டவே இதை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், தொல்லியல் மாணவனாக இருந்தபோது, பானை ஓடுகளுக்கு எண் எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஓட்டைக் கழுவி நிழலில் உலர்த்தி, உட்புறத்தில் ஓரமாக, உடைந்த விளிம்பில் படாதவாறு நிறமற்ற பூச்சை மெல்லியதாகத் தடவி, அது காய்ந்தபின் ஊரின் சுருக்கக் குறி, ஆண்டு, குழி எண், மண்ணடுக்கு எண் ஆகியவற்றை மையால் எழுதி, அதன்மேல் மறுபடியும் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். எழுத்தைப் பின்னாளில் நீக்க நேர்ந்தால் ஓட்டுக்குச் சேதம் வரக்கூடாது என்பதற்காகவே அந்த அடிப்பூச்சு. நகத்தளவு இடத்தில் அடங்கிவிடும் அந்த விவரம் இல்லையென்றால், ஓடு எந்த அடுக்கில், எந்த மணியோடும் எந்த அடுப்புக் கரியோடும் சேர்ந்து கிடைத்தது என்று சொல்ல வழியில்லை.

அந்தக் கிடங்கின் கீழ்த்தட்டில் எண் எழுதப்படாத மூட்டைகளும் இருந்தன. ஒன்றைப் பிரித்தபோது, உள்ளே இருந்த காகிதச் சீட்டை இராமபாணப் பூச்சி சல்லடையாக்கியிருந்தது; ‘அடுக்கு’ என்ற சொல் மிஞ்சியிருந்தது, எண் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. என்ன செய்வதென்று எங்கள் பேராசிரியருக்கும் விளங்கவில்லை. மூட்டையை மறுபடி கட்டி வைத்தோம்.

இது வசதி குறைந்த துறைகளுக்கு மட்டுமே உரிய குறையன்று. எகிப்தின் தர்க்கானில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரியின் அகழாய்வில் கிடைத்த அழுக்குத் துணிக் குவியல் ஒன்று, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொகுப்பில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிரிக்கப்படாமலே கிடந்தது. 1977-இல் அதைத் தூய்மைப்படுத்த அனுப்பியபோதுதான், உட்புறம் வெளியே திரும்பிய நிலையில் ஓர் ஆடை அதற்குள் இருந்தது தெரிந்தது. ஒருவர் உடுத்திக் கழற்றியதைக் காட்டும் மடிப்புகள் முழங்கையிலும் அக்குளிலும் அப்படியே இருந்தன. கரிமக் காலக்கணிப்பு அதை கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடைப்பட்டது என்று காட்டியது. பெரிய பிரமிடில் 1872-இல் எடுக்கப்பட்டுப் பின்னர் காணாமற்போன தேவதாருத் துண்டும் இப்படித்தான்: ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் ஆசியத் தொகுப்பில், ஒரு சுருட்டு டப்பாவுக்குள் இருந்தது. டப்பாவின் மூடியில் இருந்த பழைய எகிப்தியக் கொடியை அடையாளம் கண்டுகொண்டவர், எகிப்தில் பிறந்த தொல்லியலாளர் ஒருவர்.

இவற்றை மகிழ்ச்சியான முடிவுகள் என்று சொல்வார்கள். எனக்கோ, அந்த டப்பா வேறொருவர் கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே தோன்றுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அடையாளம் தெரியாமல் கிடந்த 6,500 ஆண்டுப் பழமையான எலும்புக்கூடு, இன்றைய ஈராக்கிலுள்ள ‘ஊர்’ (Ur) என்னும் பழங்கால நகரில் தொல்லியலாளர் லியோனார்டு வுல்லி கண்டெடுத்தது என்று 2014-இல் உறுதியானதற்குக் காரணம், அந்த அகழாய்வின் பழைய பதிவேடுகள் தொலையாமல் இருந்ததும் அவற்றைக் கணினியில் ஏற்ற ஆளிருந்ததும்தான்.

பொருள் எப்படி வந்தது என்ற பதிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் அரசிடமிருந்து பிரிட்டிஷ் படையினர் கொள்ளையடித்த வெண்கலச் சிலை ஒன்றை 1957-இல் ஏலத்தில் வாங்கியிருந்த அபர்டீன் பல்கலைக்கழகம், அதை 2021-இல் நைஜீரியாவிடம் திருப்பிக் கொடுத்தது. பட்டியலே வெளியிடாத துறையிடம் எதைக் கேட்பது, யார் கேட்பது?

ஆகவே, அகழாய்வுக்கு நிதி ஒதுக்கும்போதே எண்ணிடுதல், பட்டியலிடுதல், பாதுகாத்தல் ஆகியவற்றுக்கும் ஒரு பங்கைத் தனியே ஒதுக்க வேண்டும். ஆய்வு மாணவர்களின் ஓய்வு நேரத்தை நம்பியிராமல், பதிவேட்டுக்கென முழுநேரப் பணியாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். களக் குறிப்பேடுகள் துறையின் உடைமை என்பதையும் எழுத்தில் வரையறுக்க வேண்டும். பேராசிரியர் ஓய்வு பெறும் நாளில் அவை அவருடைய மற்றப் புத்தகங்களோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. நாங்கள் கட்டி வைத்த அந்த மூட்டையின் அடுக்கு எண்ணும் அப்படிப் போன குறிப்பேடு ஒன்றில்தான் இருந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் தொல்லியல் மாணவர் ஒருவர்