பகலில் கம்பெனி, இரவில் கூத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் தெருக்கூத்து பற்றி வந்த கட்டுரையை எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஆளுக்கு ஆள் கைமாற்றிப் படித்தோம். கூத்துக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கியது உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அதில் ஒரு வரி, வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாக ஆடுகிறவர்கள் பெருகியதால்தான் கலை நீர்த்துப்போனது என்பது, மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறேன். பங்குனி பிறந்தால் துரியோதனன் வேஷம் கட்டுகிறேன்.

வடஆற்காட்டில் கூத்தாடியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எப்போதுமே வேறு ஒரு பிழைப்பு இருந்திருக்கிறது. எங்கள் வாத்தியாருக்கு ஏர் உழவு, அவருக்குப் பின்பாட்டுப் பாடியவருக்குத் தறி, முகவீணைக் குழல் ஊதியவருக்கு முடிதிருத்தும் கடை. புரிசை மாதிரி பரம்பரையாகக் கூத்தையே மூச்சாகக் கொண்ட ஊர் உண்டு, அந்த ஊர்க் கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரான் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் நாங்கள் கையெடுத்துக் கும்பிடுவோம். ஆனால் எல்லா ஊரும் புரிசை ஆகிவிட முடியாது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பது, அதாவது பாரதக் கதை சொல்லிக் கூத்தும் ஆடும் திருவிழா, ஏன் பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடிக்குள் நடக்கிறது? அறுப்பு முடிந்து, ஆடிப் பட்டம் விதைக்கும் வரை நிலத்தில் வேலை குறைவு. ஆடுகிறவனுக்கும் ஓய்வு, பார்க்கிறவனுக்கும் ஓய்வு. அந்தக் காலத்தில் நிலமே லீவு கொடுத்தது. இப்போது கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆளை மட்டும் குற்றம் சொன்னால் எப்படி?

துரியோதனன் விழும் பதினெட்டாம் போர்க் கூத்து ஆடும் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலமே அரிதாரம் பூச உட்கார வேண்டும். புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் எல்லாம் கட்டி முடிக்கவே நேரம் பிடிக்கும். கயிற்றை இறுக்கிக் கட்டாவிட்டால் கிறுக்கி என்று வேகமாகச் சுழன்று ஆடும்போது கட்டை நகரும், இறுக்கினால் விடியும்போது தோள் மரத்திருக்கும். திரைக்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடிவிட்டுக் களத்துக்குள் வந்தால் விடியும் வரை ஆட்டம்தான். அதோடு முடியாது. காலையில் படுகளம். களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான், வேஷம் கட்டியவன் அந்த உருவத்தைச் சுற்றி ஓட வேண்டும், பீமன் துரத்த வேண்டும், தொடையில் அடி விழ வேண்டும், அப்புறம்தான் அம்மனுக்குக் கூந்தல் முடிப்பார்கள். அது முடியப் பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். எங்கள் கம்பெனி பஸ்ஸோ விடிந்ததுமே ஊரைத் தாண்டிப் போயிருக்கும். பாதிப் போரில் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு எந்தத் துரியோதனன் பஸ் ஏறுவான்?

சரி, படுகளம் இல்லாத நாளில் போகலாமே என்பார்கள். போகலாம், போகிறோம். தேங்காய் எண்ணெய் போட்டு எவ்வளவு துடைத்தாலும் காது மடிப்பில் சிவப்பு நிற்கும், அதோடுதான் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போகிறோம். ஆனால் கட்டிங் பிரஸ் முன்னால் தூக்கக் கண்ணோடு நிற்பது ஆபத்து. தோல் மேல் டையை, அதாவது வெட்டும் அச்சை, வைத்துக் கையை எடுப்பதற்குள் கவனம் தப்பினால் விரல் போகும். எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனுஷன், கூத்துக்கு மறுநாள் என்றால் பேக்கிங்கில் நிற்க வைத்துவிடுவார். எல்லோருக்கும் அப்படி அமையாது. எங்கள் ஜமாவில் கதை சொல்லிச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரன் வேஷம் போடும் தம்பி வேலை பார்க்கும் இடத்தில், மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டாலே வருகைப் படி மொத்தமும் போய்விடும். அவனுக்குக் கூத்தில் கிடைக்கும் பங்கை விட அது அதிகம். அப்படியும் அவன் ஒரு கூத்தையும் தவறவிட்டதில்லை. இவனையா பகுதிநேரக்காரன் என்று ஒதுக்குவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை இருப்பதால் எங்கள் கூத்து கெடவில்லை, நிமிர்ந்து நிற்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும், பி.எஃப். பிடிக்கிறார்கள், உடம்புக்கு முடியாவிட்டால் ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் திரௌபதி துகில் உரியும் கூத்து நடுவில் ஒரு சினிமாப் பாட்டு பாடுங்கள் என்று விழாக் குழுவில் கேட்டால் முடியாது என்று சொல்ல முடிகிறது. கூத்தை மட்டுமே நம்பியிருக்கும் எத்தனையோ நல்ல கலைஞர்கள் அடுத்த வருஷத் தாம்பூலம், அதாவது கூத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்துப் பேசுவது, போய்விடுமே என்று பாடிவிடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன், அவர்கள் வயிறு அப்படி.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். விடிய விடிய ஆடுவதை இரண்டு மணி நேரமாகச் சுருக்காதீர்கள். கொடியேற்றும் நாளைக் கணக்குப் பார்த்து வையுங்கள், படுகளம் ஞாயிற்றுக்கிழமை விழும். பல ஊர்களில் இப்போதே அப்படித்தான் செய்கிறார்கள். ஜனமும் கூடுகிறது. தாம்பூலத்தைத் தை மாசியிலேயே வைத்துவிட்டால் நாங்களும் கம்பெனியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவோம். கம்பெனிக்காரர்களிடம் கேட்பது சம்பளத்தோடு லீவு அல்ல. சீசனில் சில நாள், வருகைப் படியை வெட்டாமல் விடுங்கள், வேறொரு நாள் வந்து ஈடு செய்கிறோம்.

உங்கள் பத்திரிகையும் ஒன்று செய்யலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் எந்த ஊரில் எந்தத் தேதியில் என்ன கூத்து என்று பங்குனி முதல் வாராவாரம் ஒரு பத்தி போடுங்கள். விவரம் சேகரித்துத் தர எங்கள் ஜமாவும், தெரிந்த மற்ற ஜமாக்களும் தயார்.

இப்படிக்கு,
ஒரு கூத்துக்காரன், ஆற்காடு வட்டம்